நாலு மணிச் சீட்டாட்டம்

அந்தக் குடியிருப்பில் பதினாறு வீடுகள், நடுவில் ஒரு முற்றம். முற்றத்தின் ஓரமாக எல்லோருக்குமான சமையலறையும், அதை ஒட்டிச் சாப்பாட்டுக் கூடமும் இருந்தன. துணி துவைக்கும் அறை பொது. ஏணி பொது, சுவரில் துளை போடும் மெஷின் பொது, தோட்டத்துக் குழாயும் பொது. வாரத்தில் மூன்று ராத்திரி எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதற்கு வீட்டுக்கு வீடு சமையல் முறை உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் கூடும். ஒரே ஒருவர் கை தூக்காவிட்டாலும் தீர்மானம் நிறைவேறாது என்பது சட்டம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். நடப்பில், அந்த ஒருவர் கை தூக்கும்வரை மற்றவர்கள் அன்பாகப் பேசிக்கொண்டே இருப்பார்கள். பசி எடுத்ததும் அவரும் தூக்கிவிடுவார்.

பசித்தாலும் தூக்காத ஆள் அங்கே ஒருத்திதான். பல் செட் செய்கிறவள். பெரியவர், சிறியவர் எல்லோருக்கும் அவள் பல்லக்கா. வீட்டின் பின்னறைதான் அவளுடைய பட்டறை. பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டரை ஊற்றுவாள். அது இறுகியதும் மெழுகின்மேல் ஒவ்வொரு பல்லாக நிறுத்துவாள், ஈறு கட்டுவாள், உரசி மெருகேற்றுவாள். யாராவது அவளிடம் பேச வந்தால் கண்ணைப் பார்க்க மாட்டாள், வாயைத்தான் பார்ப்பாள். "நான் பேசறது காதுல விழுதா, இல்ல என் கடைவாயைப் பாக்கறீங்களா?" என்று பக்கத்து வீட்டு நர்ஸ் ஒருமுறை கேட்டே விட்டாள்.

இப்படிப்பட்டவள் அங்கே குடிவந்தது புருஷனுக்காக. அவள் பிறந்து வளர்ந்தது இரண்டே அறை வீடு. அதில் அப்பா, அம்மா, சித்தப்பா குடும்பம், அத்தை, பிள்ளைகள் என்று ஒரு பட்டாளம். பீரோக் கதவைத் திறந்து அதன் மறைவில் நின்று உடை மாற்றிப் பழகியவள். ஒரு கதவு, அதற்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள், இதுதான் வாழ்க்கையில் அவள் ஆசைப்பட்ட சொத்து. அவருக்கு எல்லாம் நேர்மாறு. ஒற்றைப் பிள்ளை. வேலைக்குப் போகும் தாய் வீட்டைப் பூட்டிவிட்டுப் போக, உள்ளே தனியாக உட்கார்ந்து சுவரோடு பேசி வளர்ந்தவர். பிறகு லிப்ட் மெக்கானிக்காக ஊரிலுள்ள உயரமான கட்டடங்களுக்கெல்லாம் போய்வந்தார். ஒரே லிப்டில் தினமும் ஏறி இறங்கும் மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கதவையே முறைப்பதை வருஷக்கணக்கில் பார்த்து வெறுத்துப் போனார். ஓய்வு பெற்றதும் இந்தக் குடியிருப்பைப் பற்றி யாரோ சொல்ல, குழந்தை மாதிரி அடம்பிடித்தார்.

"சரி, வரேன். ஆனா நம்ம வாசக்கதவுக்கு உள்ள நடக்கறது நம்மளோட. அதுல எவரும் மூக்கை நுழைக்கக் கூடாது" என்றாள் அவள்.

"நுழைச்சா நீ பல்லைப் பிடுங்கிடுவியே, எவன் வருவான்?" என்றார் அவர்.

வந்தார்கள். மூக்கை நுழைக்கவும் செய்தார்கள். அவளுடைய உரசும் மெஷினின் சத்தத்துக்காக ஒரு கூட்டம் கூடியது. எந்த நேரத்தில் ஓட்டலாம், எந்த நேரத்தில் கூடாது என்று தீர்மானித்தார்கள். அதை மென்று முழுங்கினாள். அடுத்தது ஜன்னல் திரை. எல்லா வீட்டுச் சமையலறை ஜன்னலும் முற்றத்தைப் பார்த்தே இருந்தது, திரை போடுவது அந்த இடத்தின் மனசுக்கு விரோதம் என்று சொன்னார்கள். அவள் கை தூக்கவில்லை. அடுத்த ஞாயிறும் தூக்கவில்லை. கடைசியில் பாதித் திரைக்கு எல்லோரும் சம்மதித்தார்கள். கழுத்துக்குக் கீழே அவளுக்குச் சொந்தம், கழுத்துக்கு மேலே ஊருக்குச் சொந்தம். வெற்றிதான், வேறென்ன சொல்வது!

இந்தக் கூட்டங்களை நடத்துகிறவர் டீச்சரம்மா. ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. குரலை உயர்த்தவே மாட்டார், கோபப்படத் தெரியாது. கோபப்படாத மனிதரோடு சண்டை போடுவதைப்போன்ற தண்டனை உலகத்தில் வேறில்லை.

பல்லக்காவின் புருஷனுக்கு மறதி தொடங்கியது சாதாரணமாகத்தான். ஒருநாள் கடைக்குப் போய்த் திரும்பியவர் நேராக நர்ஸ் வீட்டுக்குள் நுழைந்து, நாற்காலியில் சாய்ந்து, "டீ போடும்மா" என்றார். எல்லா வீட்டுக் கதவும் ஒரே நிறம் என்பதால் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பல்லக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அதற்கு முந்தின வாரம்தான், கையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு, "இதுக்குப் பேர் என்னம்மா?" என்று அவளைக் கேட்டிருந்தார். ஆயுசு முழுக்க அதைப் பிடித்தே சோறு தின்றவர்.

டாக்டர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்தபடி வந்தவர், இறங்கும் இடம் நெருங்கியதும் அவள் கையைப் பிடித்தார்.

"இங்க யாருக்கும் தெரிய வேணாம்மா. தெரிஞ்சா என்கிட்டப் பேசற விதமே மாறிடும். நான் மனுஷன் மாதிரி இருக்கற வரைக்கும் மனுஷனா இருந்துட்டுப் போறேனே."

"என் வாயிலேர்ந்து வராது" என்றாள்.

அந்த வாக்கை அவள் காப்பாற்றிய விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவருக்கு முதுகுவலி என்று கிளப்பிவிட்டு, அவருடைய சமையல் முறையைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழையுமுன் அவர் காதருகே குனிந்து, "நீலச் சட்டை பிளம்பர். பக்கத்துல உக்காந்திருக்கறது நர்ஸோட மாமியார், கால்ல ஆபரேஷன் ஆகியிருக்கு" என்று ஓதிவிடுவாள். அவரும் உள்ளே போய், "என்ன தம்பி, வேலையெல்லாம் எப்படிப் போகுது? அம்மா, கால் தேவலையா?" என்று ஜோராக விசாரிப்பார். சாப்பிடும்போது அவரை விட்டு அசையமாட்டாள். அவர் பேச்சு தடுமாறும் இடத்தில் இவள் தும்முவாள், தண்ணீரைக் கொட்டுவாள், எழுந்து நின்று உப்பு கேட்பாள். "இந்த வயசுல ரெண்டு பேருக்கும் என்ன ஒட்டுதல் பாரேன்" என்று கூடம் முழுக்கக் கேலி செய்தது. செய்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தாள்.

அப்போதுதான் சீட்டாட்டம் வந்து சேர்ந்தது. ஒரு சாயங்காலம் நாலு மணிக்கு பிளம்பர் வந்து வாசலில் நின்றான். முப்பது தாண்டியவன், கல்யாணமாகாதவன், யாரைப் பார்த்தாலும் அண்ணே, அக்கா.

"அண்ணே, ரம்மி தெரியுமா? ஒரு கை போடலாமா?"

அவர் முகம் பூத்துப் போனது. மறுநாள் டீச்சரம்மா வந்தார். அதற்கடுத்த நாள் நர்ஸ். இப்படி நாலு மணியானால் ஒருவர் மாற்றி ஒருவர் வர ஆரம்பித்தார்கள். அவர் மூன்றரைக்கே முகம் கழுவி, தலை வாரி, மேஜையைத் துடைத்துச் சீட்டுக்கட்டோடு உட்கார்ந்துவிடுவார். ஆட்டத்துக்கு ஆட்டம் ஜெயித்தார். "இந்த டீச்சரம்மா கணக்குல புலின்னாங்க, சீட்டுல பூனை" என்று ராத்திரி சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர் சிரிக்கும்போது பல்லக்கா பின்னறையில் விளக்கை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள்.

அவளும் இளகித்தான் போனாள். பிறந்ததிலிருந்து மனிதக் கூட்டத்தைக் கண்டு ஒதுங்கியவள், முதல்முறையாக, இவர்கள் நல்ல ஜனங்கள்தான், நாம்தான் முறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறோம் என்று நினைத்தாள். டீச்சரம்மாவின் கீழ்வரிசைப் பல் செட் ஆடிக்கொண்டிருந்தது. யாரும் கேட்காமலே அவருக்குப் புதிதாக ஒன்று செய்துகொடுத்தாள். ஈறு நிறம் சரியாக வரவில்லை என்று இரண்டுமுறை உடைத்துச் செய்தாள். அவளிடமிருந்து அன்பு வெளியே வருவதற்கு அது ஒன்றுதான் வழி.

ஒருநாள் தண்ணீர் கொண்டுபோய் வைத்தபோது, அவர் ஷோ காட்டிய சீட்டு கண்ணில் பட்டது. ஹார்ட்டினில் மூன்று, நாலு, ஆறு. வரிசைக்கு வேண்டிய ஐந்தைக் காணோம். எதிரே பிளம்பர் தன் சீட்டைக் கீழே போட்டு, "போச்சுடா! மறுபடியும் நீங்கதான்ண்ணே!" என்று தலையில் அடித்துக்கொண்டான். இந்தத் தம்பிக்கு ரம்மியே தெரியவில்லை, பாவம், என்று எண்ணியபடி அவள் பட்டறைக்குத் திரும்பினாள்.

யாரைப் பாவம் என்று நினைத்தோம் என்பது கொஞ்சநாள் கழித்துத்தான் விளங்கியது. அன்று உரசும் மெஷினை அவள் நிறுத்திய நேரம், வாசலில் இரண்டு குரல்கள்.

"தம்பி, இன்னிக்கு என் முறை."

"இல்ல டீச்சர், நாமதான் மாத்திக்கிட்டோமே?"

"அது அடுத்த வாரம்ப்பா. இந்த வாரம் நான்தான்னு நேத்தே சொன்னேனே."

சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளிய டீச்சரம்மா, நடைவழியில் பல்லக்கா நிற்பதைப் பார்த்தார். கையெல்லாம் வெள்ளைத் தூளோடு அவள் அசையாமல் நின்றாள். பிளம்பர் நாக்கைக் கடித்துக்கொண்டான். உள்ளே மேஜையிலிருந்து அவர் குரல் கேட்டது. "என்ன முறை?"

"சமையல் முறைங்க" என்றார் டீச்சரம்மா, துளியும் தடுமாறாமல்.

"ஓ" என்றார் அவர். "சரி, ரெண்டு பேரும் வாங்க. மூணு பேருக்குப் போடறேன்."

ஆட்டம் முடியும்வரை பல்லக்கா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். டீச்சரம்மா கிளம்பியதும் பின்னாலேயே போய், துணி துவைக்கும் அறையில் மடக்கினாள். டீச்சரம்மா மறைக்கவில்லை. மறைப்பது அவர் கொள்கையில் இல்லை.

"அவர் நர்ஸ் வீட்டுல வந்து உக்காந்தாரே, அன்னிக்கே நர்ஸுக்குச் சந்தேகம். நீங்க அவரை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனீங்களே, அந்த வாரம் நீங்க ரெண்டு பேரும் இல்லாதப்போ கூட்டம் போட்டுப் பேசினோம். நீங்க ரெண்டு பேரும் சொல்ல விரும்பலன்னு தெரிஞ்சுது. உங்க அந்தரங்கத்தை மதிக்கணும், அதே சமயம் தனியா விட்டுடவும் கூடாது. அதனால தெரிஞ்ச மாதிரி காட்டிக்காம, ஆளுக்கு ஒருநாள் வந்து கூட இருக்கறதுன்னு முடிவு பண்ணினோம்."

"அப்போ முதல் நாள்லேர்ந்தே?"

"முதல் நாள்லேர்ந்தேதான்."

"நான் காதுல சொல்லிச் சொல்லிக் கூட்டிட்டு வந்தேனே, அப்பவும் தெரியுமா?"

டீச்சரம்மா அவள் தோளைத் தொட்டார். "எவ்வளவு கஷ்டப்படறீங்கன்னு எங்களுக்கெல்லாம் மனசு தாங்கல."

"எல்லாரும் கை தூக்கினீங்களா?"

"ஒருத்தர் பாக்கியில்லாம" என்றார் டீச்சரம்மா. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை இருந்தது. அவள் பார்த்துப் பார்த்துச் செய்துகொடுத்த பல் வரிசை அந்தப் பெருமையில் பளிச்சென்று தெரிந்தது.

அவமானம் என்றால் இதுதான். தும்மினது, தண்ணீர் கொட்டினது, முதுகுவலி என்று புளுகினது எல்லாம் பதினாறு வீடும் டிக்கெட் வாங்காமல் பார்த்த நாடகம். அவர் ஜெயித்த ஒவ்வொரு ஆட்டமும் கை தூக்கி நிறைவேற்றிய தீர்மானம். யாருக்கும் தெரியாது என்று அவள் நிம்மதியாகத் தூங்கிய ராத்திரிகளை நினைத்தபோது உடம்பே கூசியது.

அடுத்த ஞாயிறு அவரைத் தூங்கவிட்டுவிட்டுக் கூட்டத்துக்குப் போனாள். இருந்த ஆத்திரத்தையெல்லாம் கொட்டினாள். அவர்கள் அமைதியாகத் தலையாட்டிக் கேட்டார்கள். கேட்பதில் அவர்களை அடிக்க ஆளில்லை. பிளம்பர் மட்டும் எழுந்து, "எனக்கு அண்ணன்கிட்டப் பேசப் பிடிக்கும்க்கா. முறைக்காக மட்டும் நான் வரல" என்றான்.

"பிடிச்சிருந்தா முறை எதுக்கு? ஒரு நோயாளிகிட்டத் தோத்து நடிச்சிட்டு, வீட்டுக்குப் போய் நல்லது செஞ்சோம்னு நிம்மதியாத் தூங்கற ஆள்தானே நீ? அந்தப் பிச்சை எங்களுக்கு வேணாம்."

அவன் முகம் சுண்டிப்போனது. இனி யாரும் அவள் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று அவள் சொன்னாள். எல்லோரும் கை தூக்கினார்கள்.

அந்த ஜனங்களிடம் ஒரு குணம். ஒன்றைத் தீர்மானித்துவிட்டால் அதை நூலிழை பிசகாமல் செய்துவிடுவார்கள். அன்றையிலிருந்து ஒரு ஈ காக்கை வரவில்லை. முற்றத்தில் எதிர்ப்பட்டால்கூட, அவள் அந்தரங்கத்தில் கை வைத்துவிடுவோமோ என்று ஒரு வணக்கத்தோடு நழுவினார்கள்.

ஆனால் நாலு மணி என்று ஒன்று தினமும் வந்தது. அவர் முகம் கழுவி, தலை வாரி, மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். ஐந்து மணிவரை உட்கார்ந்தார். மறுநாளும் உட்கார்ந்தார். இதை மட்டும் அவர் மறக்கவேயில்லை. மறதிக்கும் ஓரவஞ்சனை உண்டு போலிருக்கிறது.

"நான் யாரையாவது ஏதாவது சொல்லிட்டேனாம்மா?"

"அதெல்லாம் இல்லைங்க. அவங்கவங்களுக்கு வேலை."

"இல்ல, சொல்லியிருப்பேன். எனக்குத்தான் ஞாபகம் இல்ல. கெட்ட வார்த்தை எதுவும் பேசிட்டேனா? பொம்பளைங்க முன்னாடி?"

அவள் என்ன சொல்வாள்? நடந்ததைச் சொன்னால், எல்லோருக்கும் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். "நான் விளையாடறேன், போடுங்க" என்று எதிரே உட்கார்ந்து பார்த்தாள். "உனக்கு வேலை கெடும்மா" என்று சீட்டைக் கட்டி வைத்துவிட்டுக் கதவையே பார்த்தார். அவர் ஆசைப்பட்டது மனிதர்களுக்கு. பெண்டாட்டி அந்தக் கணக்கில் வரமாட்டாள். இது அவளுக்குத் தைத்தது. அதைச் சொல்லி அழக்கூட அந்தக் குடியிருப்பில் அவள் ஆள் மிச்சம் வைத்திருக்கவில்லை.

அந்த வாரம் கூட்டுச் சாப்பாட்டின்போது, பாதி சாப்பாட்டில் அவர் எழுந்து நின்றார். என்ன, ஏது என்று அவள் கையைப் பிடிப்பதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்.

"எல்லாரும் மன்னிக்கணும். எனக்கு மறதி வியாதி வந்திருக்கு. என் சம்சாரம் சொல்லல, நான்தான் சொல்ல வேணாம்னேன். உங்கள்ல யாரையோ நான் ஏதோ பேசியிருக்கேன். என்ன பேசினேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், வரமாட்டேங்குது. எதுவா இருந்தாலும் மன்னிச்சிடுங்க. முன்ன மாதிரி சாயங்காலம் யாராவது வாங்க. நான் வாயைத் திறக்காம விளையாடறேன்."

கைகூப்பிவிட்டு உட்கார்ந்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஒருவர் கண்ணிலும் கோபம் இல்லை. இருந்திருந்தால் திருப்பி முறைத்திருப்பாள். அவள் தன் தட்டைப் பார்த்துக்கொண்டு, வாயிலிருந்த கவளத்தை முழுங்க முடியாமல் அப்படியே வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளே எழுந்து நின்றாள். அந்த வாக்கியத்தை வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"மறுபடியும் வரணும். முன்ன மாதிரியே. தோத்துப் போங்க, பரவாயில்ல."

கைகள் மளமளவென்று உயர்ந்தன. யாரும் குத்திக்காட்டவில்லை. டீச்சரம்மா ஒவ்வொரு நாளாகக் கேட்டுக்கொண்டே வந்தார். திங்கள் நர்ஸ். புதன் டீச்சரம்மாவே. பழையபடி எல்லாம் சரசரவென்று நிரம்பின. செவ்வாய் மட்டும் பாக்கி நிற்க, டீச்சரம்மா பிளம்பரைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தபடி தலையசைத்தான்.

"நான் வரலை டீச்சர். அக்கா சொன்னதுக்கப்புறம் அண்ணன் முன்னாடி உக்காந்து சீட்டைப் பிடிக்க எனக்குக் கை வராது. தப்பா நினைக்காதீங்க."

யாரும் தப்பாக நினைக்கவில்லை. வேறு யார் என்று கேட்டார் டீச்சரம்மா. ஒருவருக்கு ராத்திரி ஷிப்ட், ஒருவர் வீட்டில் கைக்குழந்தை, ஒருவர் மகளைப் பாட்டு வகுப்புக்குக் கூட்டிப் போக வேண்டும். எல்லாம் நிஜமான காரணங்கள். கடைசியில் டீச்சரம்மா, முழு மனதோடும் கரிசனத்தோடும், அவள் பக்கம் திரும்பினார்.

"செவ்வாய்க்கு மட்டும் ஆள் இல்ல. நீங்க எடுத்துக்கறீங்களா?"

அவளுடைய புருஷனிடம் அவளுக்கு ஒருநாள் ஒதுக்குகிறார்கள். அந்த வட்டத்தில் ஒருவருக்குக்கூட அது வினோதமாகத் தோன்றவில்லை. ஒரு நிமிஷம் சுற்றிப் பார்த்துவிட்டு அவள் கையைத் தூக்கினாள்.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு மெஷினை நிறுத்தி, கையிலிருந்த பிளாஸ்டரைத் தேய்த்துக் கழுவி, நல்ல புடவையாக ஒன்றைச் சுற்றிக்கொண்டு போய் அவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தார். கதவைப் பார்த்தார், யாரும் வரவில்லை. பிறகு அவளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"உன்னையும் அனுப்பிட்டாங்களா?" என்றார்.